முன்வரிசை காலி

நாடகத்துக்கு டிக்கெட் எடுப்பவர் இன்று முதலில் பார்ப்பது ஒரு வரைபடத்தை. மேலே 'மேடை' என்று ஒரு பட்டை, அதன் கீழே வரிசை வரிசையாகக் கட்டங்கள். சாம்பல் நிறம் என்றால் போய்விட்டது, பச்சை என்றால் இருக்கிறது. பட்டைக்கு நெருங்க நெருங்க விலை கூடும். கைபேசித் திரையில் விரலை வைத்துக்கொண்டு, வீட்டாரிடம் "நடுவுலயா, ஓரமா?" என்று கேட்டு, இரண்டு கட்டங்களைத் தொடுகிறார். தூண் எங்கே நிற்கிறது என்று அந்த வரைபடம் சொல்லாது. எந்த மின்விசிறி கடகடக்கும் என்று சொல்லாது. பக்கத்துக் கட்டத்தில் வந்து உட்காரப்போகிறவர் நாடகத்தில் தோய்கிற மனிதரா, கைபேசி வெளிச்சத்தை முகத்தில் வாங்கிக்கொண்டே இரண்டு மணி நேரத்தைத் தள்ளுகிறவரா என்பதையும் சொல்லாது. என்னைக் கேட்டால் இந்த மூன்றில் கடைசிதான் முக்கியம்.

நல்ல இடம் என்றால் நன்றாகத் தெரியும் இடம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். சினிமாவுக்கு அது போதும். அரங்கில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் கதாநாயகன் அதே நொடியில் அதே கண்ணீரை விடுவான். மேடையில் நிற்பவருக்கோ நம் சத்தம் கேட்கிறது. இருமல், செருமல், நாற்காலி கிறீச்சிடுவது, வசனம் விழுந்து அரை நொடி கழித்து எழும் சிரிப்பு, பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் அத்தனையும் ஓய்ந்துபோவது. அடுத்த வசனத்தை எப்போது எடுப்பது, எவ்வளவு உரக்க எடுப்பது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். ஆகவே எங்கிருந்து பார்ப்பது என்பதோடு நாடகத்தில் இடம் பிடிக்கும் வேலை முடிவதில்லை. அவர் காதில் நாம் எங்கிருந்து விழப்போகிறோம், யாரோடு சேர்ந்து விழப்போகிறோம் என்பதும் அதில் சேர்த்தி.

பார்வைக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். பழைய ஆட்கள் இதில் நம்மைவிடக் கறாராக இருந்திருக்கிறார்கள். நாட்டிய சாஸ்திரம் தன் இரண்டாம் அத்தியாயத்தில் நாடக மண்டபத்துக்குப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவு சொல்லி, மனிதர்களுக்கு நடுத்தரம் போதும் என்கிறது: 64 முழ நீளம், 32 முழ அகலம். அதைவிடப் பெரிதானால் குரல் சிதறும், முகத்தில் ஓடும் பாவம் தெரியாமல் போகும் என்று காரணமும் தருகிறது. அந்த நீளத்தில் பாதி மேடைக்கும் ஒப்பனை அறைக்கும் போய்விடும். மிச்சம் 32 முழம். முழத்துக்கு ஒன்றரை அடி என்றால் 48 அடி. கடைசி வரிசையில் இருப்பவரும் அந்த எல்லைக்குள் அடக்கம். இன்றைய பெரிய சபா அரங்கில் பன்னிரண்டு, பதின்மூன்று வரிசை போவதற்குள் இந்தத் தூரம் தீர்ந்துவிடும். அதற்கும் பின்னால் டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

மாதவி ஆடிய மேடையின் அளவு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இருக்கிறது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். கோல் என்பது 24 விரல். அந்த விரலைப் பெருவிரலாக எடுத்து, விரலுக்கு ஓர் அங்குலம் வைத்தால் மேடை ஏறக்குறைய 14 அடிக்கு 16 அடி. தரையிலிருந்து 2 அடி உயரம். இந்த 2 அடியில் எனக்கு ஒரு மோகம் உண்டு. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் கண் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். மேடைத் தளம் அதற்குச் சற்றுக் கீழே. எனவே ஆடுபவளின் பாதம் முதல் வரிசைக்காரருக்கும் தெரிந்திருக்கும். இன்று பல மண்டபங்களில் மேடை நிற்கிற ஆளின் மார்பு வரை வருகிறது. முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பரதநாட்டியம் பார்ப்பவருக்குச் சலங்கை கேட்கும், பாதம் தெரியாது. இருப்பதிலேயே அதிக விலை டிக்கெட் அதுதான். அதே காதையில் இன்னொரு குறிப்பும் உண்டு: தூண்களின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி விளக்குகளை வைத்தார்களாம். தூணுக்குப் பின்னால் அகப்பட்டு ஒரு முழு நாடகத்தையும் கழுத்தை வளைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குறிப்பை எழுதிய மனிதர் மேல் பிரியம் வராமல் இருக்காது.

மற்றதெல்லாம் கலைக்குத் தக்கபடி. கண்ணும் புருவமும் நடிக்கிற கேரளத்துக் கூடியாட்டத்துக்கு விளக்கின் அருகே போய்விட வேண்டும். தள்ளி உட்கார்ந்தவர் மிழாவு முழக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்புவார். ஆர். எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' மாதிரியான பிரம்மாண்டங்களுக்குப் பின்னால் போவது நல்லது. தந்திரக் காட்சி என்று வந்துவிட்டால் முன்வரிசைக்காரருக்குக் கயிறு தெரிந்துவிடும், பாவம். வசன நாடகம் என்றால் ஐந்தாவது வரிசையிலிருந்து எட்டாவதுக்குள், நடுவில். ஒத்திகையில் இயக்குநர் உட்காருவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அவர் பார்த்துப் பார்த்து அமைத்த காட்சி அப்படியே நமக்குக் கிடைக்கும். ஓரத்து இருக்கையில் அது கிடைக்காது, வேறொன்று கிடைக்கும். விங்கில் தன் முறைக்காக நிற்கும் அரசர் ஒரு கையால் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் குடிப்பது தெரியும். எனக்கு அதுவும் பிடிக்கும். நாடகம் சுமாராகப் போகிற நாட்களில் விங் நம்மைக் காப்பாற்றும்.

ஆனால் அதிக விலை கொடுத்தவர்கள் எல்லோரும் பார்க்கத்தான் கொடுத்தார்கள் என்று வரலாற்றைப் படித்தால் தோன்றுவதில்லை. ஏதென்ஸில் டயோனிசஸ் அரங்கின் முன்வரிசையில் இருந்தவை சலவைக்கல் ஆசனங்கள். நடுநாயகமாக டயோனிசஸின் பூசாரிக்கு ஒன்று. அவர் நாடகத்தைப் பார்த்தார், அவரை ஊர் பார்த்தது. 1599இல் எழுந்த லண்டன் குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்தால் முற்றத்தில் நிற்கலாம். பிரபுக்களுக்கான மாடமோ மேடைக்குப் பின்புறம் மேலே. அங்கிருந்து பெரும்பாலும் நடிகர்களின் முதுகுதான் தெரியும். பிரபுவின் முகம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். பாரிஸில் கனவான்கள் இன்னும் ஒரு படி மேலே போய் மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நடிகர்கள் அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே வர வேண்டியிருந்தது. 1759இல்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. இத்தாலிய அரண்மனை அரங்குகளில் தூரத்துத் தெருவும் மாளிகையும் படுதாவில் சரியான கோணத்தில் தெரிவது ஒரே ஓர் இடத்திலிருந்துதான். அங்கே இளவரசர் உட்கார்ந்திருப்பார். மற்ற எல்லோருக்கும் வீடுகள் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும்.

இதையெல்லாம் துடைத்தெறிந்தவர் ஜெர்மானிய இசைநாடகக்காரர் வாக்னர். 1876இல் பைராய்ட்டில் திறந்த தன் அரங்கில் பக்கவாட்டு மாடங்களே வேண்டாம் என்று விட்டுவிட்டு, எல்லோரையும் விசிறி வடிவில் மேடையை நோக்கி உட்கார வைத்தார். வாத்தியக் குழுவைக் குழிக்குள் மறைத்தார். அவையை இருட்டாக்கினார். யார் எங்கே உட்கார்ந்தாலும் மேடை தெரிய வேண்டும், மேடையைத் தவிர வேறெதுவும் தெரியக்கூடாது. பெரிய சமத்துவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இருட்டில் பக்கத்தில் இருக்கும் மனிதரும் காணாமல் போய்விட்டார். நம் சபா அரங்குகள் அந்த இருட்டின் வாரிசுகள். கைபேசியில் வரும் கட்டப்படமும் அதன் வாரிசுதான்: ஒரு கட்டம், ஒரு ஆள், ஒரு மேடை.

வடதமிழகத்துத் தெருக்கூத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. உயர்ந்த மேடை கிடையாது. ஊர்ப் பொதுவில் தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, பின்னால் ஒரு பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டுக்காரர்கள் என்று உட்கார்ந்துவிட்டால் அது ஆடுகளம். மூன்று பக்கமும் சனம். பொழுது சாயும் முன்பே பிள்ளைகள் பாயும் சாக்கும் கொண்டுவந்து விரித்து இடம் பிடிப்பார்கள். நடுராத்திரிக்கு முன்னால் அதே பாயில் தூங்கியும் போவார்கள். தூங்கும் பிள்ளையை நகர்த்திவிட்டுப் பெரியவர்கள் உட்காருவார்கள். கிழவர்கள் திண்ணையில். வெற்றிலைக்காரர்கள் எழுந்து போய்வர வசதியாக ஓரத்தில். டீக்கடைப் பக்கம் நின்றபடியே விடியும்வரை பார்ப்பதற்கென்று ஒரு கூட்டம். இரவு முழுக்க நடப்பதால் யாருக்கும் நிலையான இடம் இல்லை. இருவர் திரையைப் பிடிக்க, உள்ளிருந்து வேடம் பாட, திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி அசையும்போது, பின்னால் நின்றவர்கள் தாமாக முன்னால் வருவார்கள். கட்டியங்காரன் ஊர்க்கதை பேசினால் திண்ணையிலிருந்து பதில் வரும்; அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அவன் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவான். அன்றைக்கு அந்தக் கிழவரும் ஒரு பாத்திரம். அவருக்கு யாரும் டிக்கெட் கிழிக்கவில்லை.

திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நாளில் போய் நின்று பார்க்க வேண்டும். உயர்ந்த தபசு மரம் நட்டிருப்பார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் எறிவார். கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டுமானால் தள்ளி நிற்க வேண்டும். கூட்டம் நெருக்குவதோ மரத்தடியில். அங்கிருந்து அண்ணாந்தால் ஏறுகிறவரின் பாதமும் வேட்டியின் ஓரமும்தான் தெரியும். பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பது அந்த இடத்தில். பார்வைக்கு அதைவிட மோசமான இடம் அந்த மைதானத்தில் கிடையாது. ஆனாலும் அந்த இடத்தை எந்தத் தொகைக்கும் அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். படுகளத்தன்று இடம் என்ற பேச்சே இல்லை. மண்ணால் செய்து மல்லாத்திக் கிடத்திய பெரிய துரியோதனனைச் சுற்றி வேடக்காரர்கள் ஓடுவார்கள், ஊரும் கூடவே ஓடும்.

மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரி இன்னும் ஒரு படி மேல். வட்டமான களரி, நாலு பக்கமும் பார்வையாளர்கள். ஆடுபவர் சுற்றிச் சுற்றி ஆடுவதால் அவர் முகம் எல்லாப் பக்கத்துக்கும் முறை வைத்து வரும். முதல் வரிசை என்று ஒன்று உண்டு, 'நடு' என்று ஒன்று கிடையாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இந்தக் கூத்தை எடுத்து, இரவு முழுக்க நடப்பதைச் சுருக்கி, படச்சட்ட மேடையில் ஏற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' இரண்டும் அப்படி வந்தவை. நகரத்துக்காரர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்டதனம். ஆனாலும் வட்டத்தில் ஆடியதை ஒரு பக்கமாகத் திருப்பியதும் நல்ல இடம், மோசமான இடம் என்ற பேதம் கூத்துக்குள்ளும் வந்துவிட்டது. அதற்கு முன் அது இல்லை.

நம் கம்பெனி நாடகங்கள் படச்சட்ட மேடையில் நடந்தவைதான். அங்கே சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று டிக்கெட் பிரித்து விற்றார்கள். தரைக்காரரை இன்றும் ஏளனமாகப் பேசுகிறோம். ஆனால் அந்தக் காலத்து நாடகத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் அவர்கள்தான் என்பது என் கட்சி. 'ஒன்ஸ்மோர்' கேட்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வைத்தவர்கள் அவர்கள். 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா ஒலிபெருக்கியின் துணையில்லாமல் கடைசி ஆள்வரை எட்டும்படி பாடியவர். சோபாவை மட்டும் நினைத்துப் பாடியிருந்தால் அந்த உச்சஸ்தாயி அவருக்கு எதற்கு? தொலைவில் தரையில் உட்கார்ந்திருந்த சனத்தைத் தொடுவதற்காகவே அந்தக் குரல் அவ்வளவு தூரம் போனது. பாட்டுக்கு நடுவே கதை நின்றது, செத்தவர் எழுந்து பாடினார் என்றெல்லாம் பிற்காலத்தில் கிண்டல் செய்தோம். செத்தவரையே எழுப்பிப் பாடவைத்த சனம் அது.

சபா நகைச்சுவை நாடகங்களில் அந்தத் தரையின் மிச்சம் கொஞ்சம் இருந்தது. கிரேஸி மோகனின் நாடகங்களில் ஒரு சிரிப்பு அடங்குமுன் அடுத்தது வந்துவிடும், வசனத்தைத் தவறவிட்டவர் பக்கத்து ஆளிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்பதற்குள் மூன்றாவதும் போயிருக்கும். இந்த மாதிரி நாடகத்துக்கு வரைபடம் பார்த்து இடம் தேடுவது வீண். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு தலைமுறையோடு ஒரு குடும்பம், ஏற்கெனவே இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு மாமாவையும் அத்தையையும் இழுத்துவந்திருக்கும் ஒரு பையன், இப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவில் இடம் கிடைத்தால் அது பதினைந்தாவது வரிசை ஓரமாக இருந்தாலும் போய் உட்கார்ந்துவிட வேண்டும். சிரிப்பு கொட்டாவி மாதிரி, பக்கத்து ஆளிடமிருந்துதான் வரும். தனியாக எட்டாவது வரிசை நடுவில், இரண்டு பக்கமும் காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருப்பவர் அதே வசனத்துக்குப் புன்னகை செய்வார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் ஊர் முன்வரிசையைப் பற்றிச் சொல்லாமல் தீராது. பல அரங்குகளில் முதல் இரண்டு வரிசைக்கு வெள்ளைத் துணி போட்டு, 'சிறப்பு விருந்தினர்' என்று தாள் ஒட்டி, கயிறு கட்டி வைத்திருப்பார்கள். நாடகம் தொடங்கும்வரை அதில் யாரும் இருக்கமாட்டார்கள். தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து, டார்ச் வெளிச்சம் முன்னால் வழிகாட்ட, நாலு பேர் வருவார்கள். செயலாளர் குனிந்தபடி கூட வருவார். இடைவேளையில் பொன்னாடை, இரண்டு வார்த்தை, பிறகு "வேற ஒரு நிகழ்ச்சி இருக்கு" என்று கிளம்பிவிடுவார்கள். மறுபடி காலி. மேடையிலிருந்து பார்க்கிற நடிகருக்குத் தெரிவது விளக்கொளி எட்டுகிற அந்த இரண்டு வரிசை மட்டும். அதற்குப் பின்னால் எல்லாம் இருட்டு. ஆக அவர் அழுவதும் சிரிப்பதும் வெள்ளைத் துணியைப் பார்த்து. ஏதென்ஸ் பூசாரியாவது விழா முழுக்க உட்கார்ந்திருந்தார்.

நவீன நாடகங்களின் கதை வேறு. பல இடங்களில் அனுமதி இலவசம், இடமும் இஷ்டப்படி. ஆனால் இருநூறு பேர் கொள்ளும் கூடத்தில் நாற்பது பேர் வந்தால் அந்த நாற்பது பேரும் கூடம் முழுக்கச் சிதறி உட்காருகிறார்கள். பாதிப் பேர் கதவுக்கு அருகில். பிடிக்காவிட்டால் நழுவ வசதி, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வசதி என்று காரணங்கள் உண்டு, அவை நியாயமும்தான். எழும்பூர் மியூசியம் தியேட்டர் மாதிரி ஓர் அரங்கில் இதன் விளைவு கண்கூடு. 1896இல் திறந்த அந்த அரங்கில் இருக்கைகள் அரைவட்டமாக மேடையைத் தழுவிக்கொண்டு ஏறும். நெருங்கி உட்கார்ந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும், முணுமுணுப்பும் மேடைக்கு எட்டும். அப்படிப்பட்ட இடத்திலும் நாம் ஆளுக்கொரு மூலையாகப் போய் உட்கார்ந்துவிட்டு, நாடகம் ஒட்டவில்லை என்று வெளியே வந்து டீ குடிக்கிறோம். வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் பார்வையாளரை நெருங்குவதற்காக மேடையையே விட்டு வெளியேறினார். 1974இல் வந்த அவருடைய 'மிச்சில்' நாடகத்தில் பார்வையாளர்களின் பெஞ்சுகளுக்கு நடுவே பாதைகள் விட்டு, நடிகர்களை அதன் வழியே ஊர்வலம் போகவிட்டார். யார் எங்கே உட்கார்ந்தாலும் ஊர்வலம் அவரை உரசிக்கொண்டுதான் போகும்.

எல்லோராலும் அப்படி அரங்கை மாற்றிக் கட்ட முடியாது. இருக்கிற கூடத்தில் செய்யக்கூடியது உண்டு. சபாச் செயலாளர்களுக்கு என் வேண்டுகோள்: மணி அடித்து ஐந்து நிமிடத்தில் விருந்தினர் வராவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், பின்னால் நிற்கிற பிள்ளைகள் வந்து உட்காரட்டும். பார்வையாளர்களான உங்களுக்கும் ஒன்று உண்டு. அடுத்த முறை ஆள் குறைவாக வந்திருக்கிற ஒரு நாடகத்துக்குப் போனால் நல்ல இடம் தேடாதீர்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். கதவோரம் இருக்கிறவரையும் ஒரு குரல் கொடுத்து முன்னால் கூப்பிடுங்கள்.